சத்தியப்பிரமாணத்துக்கு முதல்: வெளிநாட்டுக் குடியுரிமைக்குப் போடுவோருக்கும் கொழும்பில் இருக்கும் வீட்டாருக்கும்

போன வருடம் ஐப்பசி முடியும் நேரத்தில் ஓர் அம்மா வெள்ளவத்தையில் இருக்கும் என் மொழிபெயர்ப்பு மேசைக்கு வந்தார். மழைக்குப் பயந்து கடதாசிகளைச் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "மகனுக்குக் கனடாவில கார்த்திகைக் கடைசியில சத்தியப்பிரமாணம், தங்கச்சி. அவன்ர சித்தப்பான்ர காணி ஒண்டைப் பேசி அரைவாசிக் காசும் குடுத்திட்டம். உறுதி தையில எழுதுறம். அதுக்கு ஏதும் மொழிபெயர்க்க வேணுமோ?" என்று கேட்டார்.

மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. மாற்ற வேண்டியிருந்தது வரிசையைத்தான். கனடாக் குடியுரிமைக்கான அந்தச் சத்தியப்பிரமாணத்தை எடுக்கும் நாளிலேயே இலங்கைச் சட்டப்படி அந்த மகன் வெளிநாட்டவர் ஆகிவிடுவார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. தையில் உறுதி எழுதப் போயிருந்தால் நொத்தாரிசு கையை விரித்திருப்பார். மகன் உடனே ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் அற்றோர்னித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பினார். இங்கே அதைப் பதிவு செய்து, கார்த்திகை நடுவிலேயே உறுதி எழுதி முடித்தார்கள். நாலு கிழமை பிந்தியிருந்தால் இரத்த உறவுக்குள் கொடுத்த காசு வழக்கில் போய் நின்றிருக்கும்.

பதினெட்டு வருடமாக இந்த மேசையில் இருந்து பார்த்ததில், குடியுரிமை விண்ணப்பத்தில் தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் தகுதி இல்லாதவர்கள் அல்ல. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரியாதவர்கள். அதனால் இதை வரிசைப்படியே எழுதுகிறேன். பிள்ளை அங்கே படிக்கட்டும், அம்மா அப்பா இங்கே படிக்கட்டும். இரண்டு பக்கத்திலும் வேலை இருக்கிறது.

முதலில்: எந்தக் கணக்கு எதற்கு

நிரந்தர வதிவிடம் வேறு, குடியுரிமை வேறு. இது தெரியாதவர் யார் என்று நினைப்பீர்கள். ஆனால் இரண்டின் நாட்கணக்கையும் குழப்பிக்கொண்டு வருபவர்களை மாதம் ஒரு தடவையாவது பார்க்கிறேன். கனடாவை எடுங்கள். பி.ஆர். என்ற நிரந்தர வதிவிட அட்டையைத் தக்கவைக்க ஐந்து ஆண்டுகளில் 730 நாள் அங்கே இருந்தால் போதும். குடியுரிமைக்கு அதே ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் வேண்டும். "730 முடிஞ்சுது, போடலாம்" என்று யாராவது சொன்னால் அவர் அட்டையைப் பற்றிப் பேசுகிறார்.

மாணவராகவோ வேலை விசாவிலோ இருந்த காலமும் கனடாவில் பாதி சேரும். ஒரு நாளுக்கு அரை நாள், கூடியது 365 நாள். இரண்டு வருடம் படித்து, பிறகு பி.ஆர். எடுத்தவருக்கு அந்த 730 நாளுக்கு 365 கிடைக்கும், மீதி 730 நாளைப் பி.ஆர். காலத்தில் நிரப்பினால் சரி. இந்த அரை நாட்களும் அதே ஐந்து ஆண்டுக்குள்தான் விழ வேண்டும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகான காலமும் இப்படிப் பாதியாகச் சேரும். கோரிக்கை விசாரணையில் இருந்த காலம் பொதுவாகச் சேராது. இதனுடன் ஐந்தில் மூன்று ஆண்டுகளுக்கு வருமான வரிக் கணக்குக் கொடுத்திருப்பதும் பார்க்கப்படும்.

பிரித்தானியாவில் கணக்கு வேறு மாதிரி. நிரந்தர வதிவிடம் கிடைத்து 12 மாதம் கழிய வேண்டும், ஐந்து ஆண்டில் 450 நாளுக்கு மேல் வெளியே நின்றிருக்கக் கூடாது, கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் கூடாது. பிரித்தானியரை மணந்தவருக்கு மூன்று ஆண்டு, 270 நாள், அந்த 12 மாதக் காத்திருப்பும் இல்லை. அங்கே பலரைக் கவிழ்ப்பது ஒரு சின்ன விதி. விண்ணப்பம் போய்ச் சேரும் நாளிலிருந்து சரியாக ஐந்து ஆண்டு பின்னால் எண்ணினால் வரும் அந்த ஒரு நாளில் நீங்கள் அந்த நாட்டில் நின்றிருக்க வேண்டும். அன்று கொழும்பில் அக்காவின் கல்யாணத்தில் நின்றிருந்தால், விண்ணப்பத்தைச் சில கிழமை தள்ளிப் போடுங்கள். அவ்வளவுதான்.

அவுஸ்திரேலியாவில் சட்டப்படியான நான்கு ஆண்டு வாழ்க்கை, அதில் கடைசி 12 மாதம் நிரந்தர வதிவாளராக. வெளியே நின்றது மொத்தம் 12 மாதத்துக்கும், கடைசி ஆண்டில் 90 நாளுக்கும் மேற்படக் கூடாது. ஜெர்மனி 2024 ஆனியிலிருந்து ஐந்து ஆண்டுக்கு இறக்கியதோடு பழைய குடியுரிமையை வைத்திருக்கவும் விடுகிறது. சுவிஸில் பத்து ஆண்டு, அதற்கு மேல் மாநிலமும் ஊராட்சியும் தத்தம் நிபந்தனைகளைச் சேர்க்கும். ஆனால் 8 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் அங்கே வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாக எண்ணப்படும் என்பதைப் பிள்ளைகளை வளர்த்த பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, ஆகவே விண்ணப்பம் போடும் கிழமையில் அந்தந்த அரசின் இணையத்தளத்தை நேரே திறந்து பாருங்கள். சொந்தக்காரர் அனுப்பிய வீடியோவை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நாட்களை எண்ணுவது

என் தம்பி ஸ்கார்பரோவில் இருக்கிறான். முதல் தடவை விண்ணப்பித்தபோது 1,099 நாள் என்று எண்ணிப் போட்டான். பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரைகளை வைத்து எண்ணியது. சில மாதம் கழித்து, நாள் போதாது என்று வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு இருந்து யோசித்தால், நியூ ஜெர்சியில் பெரியம்மா மகளின் வீட்டுக்குக் காரில் போய் ஒரு கிழமை நின்றிருக்கிறான். தரைவழி எல்லையில் முத்திரை குத்தவில்லை, அவனும் மறந்துவிட்டான். ஆனால் கனடாவும் அமெரிக்காவும் எல்லை கடப்போரின் விபரத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. அந்தக் கிழமையைக் கழித்ததும் 1,095க்கு இரண்டு நாள் குறைந்துவிட்டது. இரண்டே நாள்! கட்டிய காசில் பெரும்பகுதி போயிற்று, மறுபடி முதலிலிருந்து வரிசை.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இது. போன நாளிலிருந்தே ஒரு கொப்பி போடுங்கள். வெளியேறிய திகதி, திரும்பிய திகதி, எந்த நாடு, எதற்கு. நான்கு நிரல் போதும். அமெரிக்காவுக்குக் காரில் போய் வந்ததையும் எழுதுங்கள். விமான டிக்கெட் மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள். இதுவரை எழுதவில்லை என்றால், தொலைபேசியில் இருக்கும் படங்களின் திகதிகளைப் பார்த்து ஊகிக்கலாம். அம்மாவின் வாட்ஸப்பில் "கட்டுநாயக்காவில் இறங்கிட்டன்" என்று அனுப்பிய செய்தியும் உதவும். கொழும்பில் இருப்பவர்கள் செய்யக்கூடிய முதல் உதவி இதுதான்: உங்களிடம் இருக்கும் பழைய செய்திகளையும் கல்யாண வீட்டுப் படங்களையும் தேடி, பிள்ளை எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதி அனுப்புங்கள்.

எண்ணி முடித்ததும் குறைந்தது இரண்டு, மூன்று கிழமை மேலதிகமாக இருக்கும்வரை பொறுங்கள். கனடாவில் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுதான் கணக்கு. படிவத்தை நிரப்பித் திகதி போட்டு வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து அனுப்புவது வீண் சிக்கல்.

பழைய பாஸ்போர்ட்டுகளை ஒருபோதும் எறியாதீர்கள். ஐந்து ஆண்டுக் காலத்தில் கையில் இருந்த ஒவ்வொரு பாஸ்போர்ட்டும் கேட்கப்படும். மூலை வெட்டித் திருப்பித் தந்த பழையது கொழும்பு வீட்டு அலுமாரியில் அம்மாவின் சேலைக்குக் கீழே கிடக்கிறது என்றால், அதன் எல்லாப் பக்கங்களையும் இன்றைக்கே ஸ்கான் பண்ணி அனுப்பிவிடுங்கள்.

அகதியாகப் போனவர்களுக்கு

இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். அகதி அந்தஸ்தின் வழியாக நிரந்தர வதிவிடம் பெற்றவர், குடியுரிமை எடுக்கும் முன்பு இலங்கைப் பாஸ்போர்ட் எடுப்பதும் இலங்கைக்கு வருவதும் ஆபத்தானவை. "இந்த நாட்டில் எனக்குப் பாதுகாப்பு இல்லை" என்று சொன்னவர் அந்த நாட்டின் பாதுகாப்பையே மறுபடி நாடியிருக்கிறார் என்று அது எடுத்துக்கொள்ளப்படலாம். கனடாவில் 2012 மார்கழியிலிருந்து, இந்தக் காரணத்தால் அகதி அந்தஸ்து நீக்கப்பட்டால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகும். பத்து வருடம் இருந்தாலும் சரி, பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள் என்றாலும் சரி. குடியுரிமை எடுத்த பிறகு அந்த நடவடிக்கை பொருந்தாது.

கொழும்பில் இருக்கும் அம்மாமார், அப்பாமாரிடம் நான் கேட்பது இதுதான். "ஒருக்கா வந்திட்டுப் போவன், நான் கண்ணை மூடுறதுக்கு முதல்" என்று தொலைபேசியில் சொல்லும்போது அந்தப் பிள்ளை எவ்வளவு பெரிய ஆபத்துக்கும் பாசத்துக்கும் நடுவில் நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சத்தியப்பிரமாணம் முடியும்வரை சென்னையில் சந்தித்துக்கொள்ளலாம். எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. வடபழனியில் ஒரு வீடு எடுத்து இரண்டு கிழமை சமைத்துச் சாப்பிட்டு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பிள்ளை அகதிகளுக்கான பயண ஆவணத்தில் வரலாம், அதற்கு இந்திய விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். அந்த நாட்களும் வெளியே நின்ற நாட்களாகக் கொப்பியில் ஏற வேண்டும்.

ஏற்கெனவே வந்து போனவர்கள் விண்ணப்பம் போடும் முன்பு அந்த நாட்டில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் முழு உண்மையையும் சொல்லிக் கேளுங்கள். முதலில் போனபோது ஏஜென்சிக்காரர் கொடுத்த பெயரோ பிறந்த திகதியோ பதிவாகியிருந்தால் அதற்கும் அப்படியே. மறைத்து எடுத்த குடியுரிமை பல ஆண்டு கழித்தும் பறிபோகக்கூடும்.

பெயர்

எங்கள் ஆட்களுக்கு இதைப் போலத் தலையிடி தரும் விஷயம் வேறில்லை. கொழும்பில் பிறந்த பிள்ளை ஒன்றின் பெயர் யாழினி என்று வைத்துக்கொள்வோம். பிறப்புப் பதிவு சிங்களத்தில் நடந்திருக்கும். சிங்களத்தில் ழகரம் இல்லை, எழுதியவர் லகரம் போட்டிருப்பார். பாடசாலையில் ஆங்கிலத்தில் எழுதிய ஆசிரியர் 'எல்' போட்டிருப்பார். பாஸ்போர்ட்டுக்குப் போனபோது அப்பா தமிழ்ப் பற்றோடு 'இசட்', 'எச்' இரண்டையும் போட்டிருப்பார். மூன்று கடதாசி, மூன்று யாழினி.

அப்புறம் தகப்பன் பெயர். பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான கட்டத்தில் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கும், தகப்பன் பெயர் வேறு கட்டத்தில். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று கேட்கும் இடத்தில் தகப்பன் பெயர் ஏறும். கல்யாணம் முடிந்ததும் கணவன் பெயர் அந்த இடத்துக்கு வரும். பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர். அப்பாவுக்குத் தாத்தாவின் பெயர். ஆக நாலு பேர் உள்ள ஒரு வீட்டில் அப்பாவின் குடும்பப் பெயர் ஒன்று, மற்ற மூவருடையது வேறொன்று. எங்களுக்கு இது இயல்பு. ஒஸ்லோவிலோ பாரிஸிலோ கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு இவர்கள் ஒரே குடும்பமா என்ற கேள்வி வரும்.

இதற்கு நான் செய்யச் சொல்வது ஒரு தாள் வேலை. ஒரு கோடு போட்ட தாளில் உங்களிடம் இருக்கும் எல்லா ஆவணங்களையும் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட், சாதாரண தரச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அந்த நாட்டு வதிவிட அட்டை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள், பிறந்த திகதியையும் எழுதுங்கள். அவசரத்தில் மனதில் இருக்கும் பெயரை எழுதாதீர்கள். போன மாதம் ஒரு தம்பி என் முன்னால் இருந்தே இந்தத் தாளை நிரப்பினார். நாலாவது வரியில் பேனாவை நிறுத்திவிட்டு, "அக்கா, என்ர கல்யாணச் சான்றிதழில அப்பான்ர பேர் பிழையா இருக்கு" என்றார். பதினொரு வருடம் அலுமாரியில் இருந்த கடதாசி.

வதிவிட அட்டையில் உள்ள பெயர்தான் பொதுவாகக் குடியுரிமைச் சான்றிதழிலும் ஏறும். அதில் பிழை இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள், சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. படிவத்தில் "வேறு பெயர்கள் பாவித்தீர்களா" என்ற கேள்விக்கு எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதுங்கள், வெட்கப்பட எதுவும் இல்லை. கொழும்புக் கடதாசிகளில் உள்ள வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் ஒருவர் முன்னால் சத்தியக்கடதாசி முடிக்கலாம். ஆனால் சில நாடுகள் அதை ஏற்காமல் பதிவையே திருத்திக் கேட்கும். அப்படியானால் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவுத் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது மாதக் கணக்கு வேலை, அதனால்தான் விண்ணப்பத்துக்கு ஒரு வருடம் முன்பே அந்தத் தாளை எழுதச் சொல்கிறேன்.

கொழும்பில் எடுக்க வேண்டிய கடதாசிகள்

எல்லா நாடும் எல்லாக் கடதாசியையும் கேட்பதில்லை. கனடாவும் பிரித்தானியாவும் பெரியவர்களிடம் பெரும்பாலும் பாஸ்போர்ட்டையும் வதிவிட ஆவணத்தையும்தான் பார்க்கும். பிறப்புச் சான்றிதழ் வேண்டியிருப்பது பிள்ளைகளுக்கு. ஐரோப்பிய நாடுகள் அப்படி இல்லை. பிரான்ஸ் உங்களது பிறப்புச் சான்றிதழோடு நிற்காமல் பெற்றோரின் பிறப்பு, திருமணச் சான்றுகளையும் கேட்கும். ஆகவே பட்டியலைப் பார்க்காமல் இங்கே யாரையும் அலைய விடாதீர்கள். வெயிலில் அறுபத்தைந்து வயது அப்பாவை மாளிகாவத்தைக்கும் பத்தரமுல்லைக்கும் அனுப்பி எடுத்த கடதாசி கேட்கப்படவே இல்லை என்ற கதை எனக்கு நிறையத் தெரியும்.

பிறப்புச் சான்றிதழ் புதிதாக எடுத்த பிரதியாக இருக்கட்டும். 1960க்குப் பிறகு பதிவானது என்றால் பிறந்த ஊருக்கே போகாமல் வேறு பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம், பருத்தித்துறையில் பிறந்தவர் கொழும்பிலேயே கேட்டுப் பார்க்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். பழைய சான்றிதழின் மேல் மூலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போரில் பதிவேடு அழிந்து, தேடியும் கிடைக்கவில்லை என்றால், தேடிக் கிடைக்கவில்லை என்பதற்கான கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். பிறப்புப் பதிவு இல்லாதவருக்கு வயதை மதிப்பிட்டுத் தரும் உத்தேச வயதுச் சான்றிதழ் அதற்குப் பிறகான படி. தயவுசெய்து எதையும் லமினேட் செய்யாதீர்கள், அதன்மேல் முத்திரை குத்த முடியாது.

மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பங்களுக்கு இன்னொரு விஷயம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களது தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அந்தக் கதை இழுபட்டது. அந்தத் தலைமுறையின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் அது பொன்னுக்குச் சமம். பெற்றோரின் நிலை பற்றி வெளிநாட்டு அதிகாரி கேள்வி கேட்டால் அந்த ஒரு கடதாசி பதில் சொல்லும்.

அடுத்தது அத்தாட்சிப்படுத்தல். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு பத்தரமுல்லை சுஹுருபாயவில் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் கிளை உண்டு. சான்றிதழில் கையெழுத்திட்ட அதிகாரியின் கையெழுத்து உண்மையானது என்பதைத்தான் அவர்கள் உறுதிப்படுத்துகிறார்கள். உள்ளே இருக்கும் பெயர்ப்பிழையை அந்த முத்திரை சரியாக்காது. அதற்கு மேல் கொழும்பில் உள்ள அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டுமா என்பது நாட்டைப் பொறுத்தது.

மொழிபெயர்ப்புக்கு என்னிடம் வருவதற்கு முன்பு ஒன்று கேளுங்கள்: கொழும்பில் செய்த மொழிபெயர்ப்பை அங்கே ஏற்பார்களா? பிரான்ஸும் ஜெர்மனியும் தங்கள் நாட்டில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்களையே பெரும்பாலும் கேட்கின்றன. அப்படியானால் என்னிடம் தரும் காசு வீண். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற முத்திரை என்னிடம் இருந்தாலும் அந்த நாட்டுக்கு அது போதாது. இங்கே செய்யலாம் என்றால், அத்தாட்சி முத்திரைகள் எல்லாம் விழுந்த பிறகு கொண்டுவாருங்கள். பின்பக்க முத்திரையையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும், முதலே செய்தால் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

பொலிஸ் அறிக்கை எல்லோருக்கும் தேவைப்படாது. கனடா, கடந்த நான்கு ஆண்டில் வேறு நாட்டில் தொடர்ந்து 183 நாள் அல்லது அதற்கு மேல் நின்றவர்களிடம்தான் அந்த நாட்டின் அறிக்கையைக் கேட்கும். பிரான்ஸ் அங்கே பத்து ஆண்டுக்குக் குறைவாக இருந்தவர்களிடம் கேட்கும். இலங்கைப் பொலிஸுக்கு இணையவழி விண்ணப்பிக்கலாம், எந்த முகவரியில் எந்தக் காலத்தில் இருந்தீர்கள் என்று அதில் எழுத வேண்டும். போர்க் காலத்தில் வடக்கிலிருந்து வந்து, விமானம் ஏறும்வரை வெள்ளவத்தை லொட்ஜில் ஆறு மாதம் இருந்த காலத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போது பொலிஸ் பதிவு செய்துதான் இருந்தோம், அந்த முகவரியையும் எழுதுங்கள். இந்த அறிக்கை பழசானால் செல்லாது, ஆகவே மற்றக் கடதாசிகள் எல்லாம் கைக்கு வந்த பிறகு கடைசியாக இதற்குப் போடுங்கள்.

பரீட்சை

இதற்கு அதிகம் பயப்படத் தேவையில்லை. கனடாவில் 18 முதல் 54 வயது வரையானவர்களுக்கு 20 கேள்வி, 15 சரியானால் போதும். பிரித்தானியாவில் 24க்கு 18. அவுஸ்திரேலியாவில் 20 கேள்விக்கு 75 சதவீதம், அதில் விழுமியங்கள் பற்றிய ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். அரசு தரும் கையேட்டை மட்டும் படியுங்கள். மொழிச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வையுங்கள், திகதி கிடைக்கக் காத்திருப்பதில்தான் மாதங்கள் போகும்.

இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைப்பது

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இலங்கையர் ஒருவர் தானே விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும். கடிதம் ஒன்றும் வராது. பாஸ்போர்ட் கையில் செல்லுபடித் திகதியோடு இருக்கும், அதனால் பலர் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து அதையே காட்டிக் கட்டுநாயக்காவில் இறங்குகிறார்கள். அது சட்டப்படி பிழை.

1987இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இரண்டு வழி வைத்தது. இழந்த பிறகு மறுபடி பெறுவது ஒன்று, இழக்கப் போகிறோம் என்று தெரிந்தவுடன் முன்கூட்டியே தக்கவைக்கக் கேட்பது மற்றது. இரண்டுக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில், அதே சுஹுருபாயவில், அல்லது வாழும் நாட்டு இலங்கைத் தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம். ஏதாவது ஒரு தகுதியைக் காட்ட வேண்டும்: 55 வயதுக்கு மேல், அல்லது குறைந்தது ஒரு வருட டிப்ளோமாவாவது உள்ள கல்வி, தொழில் தகைமை, அல்லது இலங்கையில் 25 இலட்சம் ரூபாவோ அதற்கு மேலோ பெறுமதியான காணி, வீடு, அல்லது மூன்று ஆண்டு வங்கி வைப்பு. டிப்ளோமா இருப்பவர்கள் அந்த வழியிலேயே போங்கள், காணி மதிப்பீட்டு அறிக்கைக்கு அலைவதைவிட அது இலேசு. வாழும் நாட்டின் பொலிஸ் அறிக்கையும் கேட்பார்கள்.

தக்கவைக்கும் விண்ணப்பத்தைச் சத்தியப்பிரமாணத்துக்கு ஓராண்டுக்கு முன்பே தொடங்குங்கள் என்பது என் அபிப்பிராயம். கனடாவில் குடியுரிமை விண்ணப்பம் கிடைத்ததாகக் கடிதம் வந்த அன்றே தொடங்கினால் பெரும்பாலும் நேரம் இருக்கும். ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் சேரப் போகும் நாடு இரட்டைக் குடியுரிமையை விடுகிறதா? கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, பிரான்ஸ், சுவிஸ் எல்லாம் விடுகின்றன. நோர்வே 2020 தையிலிருந்து விடுகிறது. ஒஸ்ரியா பொதுவாகப் பழையதைத் துறக்கச் சொல்லும், அங்கே போடுபவர் இதற்குக் காசு செலவழிப்பதில் பொருள் இல்லை.

சத்தியப்பிரமாணத்துக்குப் பிறகு

காணி விஷயம் மேலே சொன்னேன். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. அது இல்லாவிட்டாலும், தாய் தகப்பன் போன்ற நெருங்கிய உறவிடமிருந்து நன்கொடையாகவோ மரண சாசனத்தாலோ வருவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. தொடர்மாடி வீட்டை, வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் முழு விலையும் கட்டி வாங்கலாம். வெள்ளவத்தையில் "தொடர்மாடி வீடு, விலை குறைவு" என்று யாராவது ஆசை காட்டினால் கையெழுத்து வைக்க முதல் சட்டத்தரணியிடம் போங்கள்.

இலங்கைக்கு வரும்போது புதிய நாட்டுப் பாஸ்போர்ட்டில், விசா எடுத்து வாருங்கள். இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் இலங்கைப் பாஸ்போர்ட்டை மறுபடி எடுக்கலாம்.

கடைசியாகப் பிள்ளைகள். பிள்ளை பிறக்கும்போது தாயோ தகப்பனோ இலங்கையராக இருந்தால், அந்தப் பிள்ளையை வம்சாவழி இலங்கையராகத் தூதரகத்திலோ பத்தரமுல்லையிலோ பதியலாம். 2003இன் திருத்தத்துக்குப் பிறகு தாய்வழியும் தகப்பன்வழி போலவே செல்லும். ஒரு வயதுக்குள் பதிய வேண்டும், பிந்தினால் தண்டப்பணம். பெற்றோர் இருவரும் இலங்கைக் குடியுரிமையை இழந்து, திரும்பப் பெறாமல் இருக்கும்போது பிறந்த பிள்ளைக்கு இந்தப் பதிவு கிடைக்காது. அதனால் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் தங்கைமார் யாருக்காவது இந்த வருடம் சத்தியப்பிரமாண அழைப்பு வந்திருந்தால், திகதியை ஏற்கும் முன்பு கணவனுடைய நிலை என்ன என்று பாருங்கள். அவர் இன்னும் இலங்கையர் என்றால் பிரச்சினை இல்லை. அவரும் எடுத்துவிட்டார் என்றால், தக்கவைக்கும் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அன்றைக்கே திணைக்களத்தில் விசாரியுங்கள், தேவையென்றால் சத்தியப்பிரமாணத் திகதியைத் தள்ளிக் கேளுங்கள்.